ஒரு ஜன்னல், ஒரு வேட்டி, ரெண்டு தெர்மாகோல்



போட்டோ விஷயத்துல என்கிட்ட அதிகமா கேக்கப்படுற கேள்வி ஒண்ணுதான். "முகத்தை நல்லா எடுக்கணும், என்ன லைட் வாங்கலாம்?" என் பதிலும் ஒண்ணுதான். "இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதீங்க. முதல்ல அந்த டியூப் லைட்டை அணைங்க."

கேக்குறவங்க சிரிச்சுட்டுப் போயிடுறாங்க. நான் கிண்டலுக்குச் சொல்லலைங்க. விளக்கமாச் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

என்னோட "ஸ்டுடியோ"வுல இருக்குற சாமான் பட்டியலை முதல்ல சொல்லிடுறேன். வடக்குப் பார்த்த ஜன்னல் ஒண்ணு. பழைய எட்டு முழ வேட்டி ஒண்ணு. ஸ்டேஷனரி கடைத் தெர்மாகோல் அட்டை ரெண்டு. கறுப்புப் போர்வை ஒண்ணு. துணி கிளிப்பு ஒரு டஜன், கொடிக்கயிறு கொஞ்சம். 50 வாட்ஸ் எல்.இ.டி. ஃப்ளட் லைட் ஒண்ணு. ஒரு ஸ்டூல், அது மேல ரெண்டு கிலோ அரிசிப் பை (ட்ரைபாடுங்க அது!). கேமரா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. பாதி நாள் அதையும் எடுக்குறதில்லை, செல்போன்தான்.

இதை வெச்சுக்கிட்டு எங்க தெருவுல அறுபது வயசுக்கு மேல இருக்குறவங்களை எல்லாம் ஒவ்வொருத்தரா எடுத்துக்கிட்டிருக்கேன். ஏன்னு கேட்டா, எங்க பெரியப்பாவாலதான்.

பெரியப்பா 2019ல தவறிட்டார். பதினாறாம் நாளுக்குப் படம் போடணும்னு வீடு முழுக்கத் தேடினோம். அவர் தனியா இருக்குற படம்னு பார்த்தா ஆதார் அட்டை மட்டும்தான். அதுல அவரைப் பார்த்தா பெரியம்மாவே "இது யாரு?"ன்னு கேப்பாங்க. கடைசியில ஒரு கல்யாணப் படத்துல வரிசையில நின்னவரை வெட்டி எடுத்து ஒரு கடையில கொடுத்தோம். வலது தோள்ல யாரோ ஒருத்தரோட கை அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பின்னாடி ஒரு அருவி. போடாத கோட்டு சூட்டு. கரிசக்காட்டு வெயில்ல அம்பது வருஷம் நின்ன மனுசன், படத்துல ரோஸ் கலர்ல இருக்கார். அந்தப் படம்தான் இன்னைக்கும் சுவத்துல மாலையோட தொங்குது. வர்றவங்க கும்பிடுறாங்க. எனக்கு அதுல பெரியப்பா தெரியலை.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம்.

முகத்துக்கு வெளிச்சம்னு வந்தா நம்மாளுங்க முதல்ல பார்க்குறது எத்தனை வாட்ஸ்னுதான். அதை விட முக்கியம், அது எவ்வளவு பெருசுங்கிறது. அதாவது, முகம் இருக்குற இடத்துலேர்ந்து பார்த்தா வெளிச்சம் வர்ற இடம் எவ்வளவு அகலமாத் தெரியுது? சூரியன் பிரம்மாண்டம்தான். ஆனா ரொம்பத் தூரத்துல இருக்குறதால நம்ம கண்ணுக்கு ஒரு சின்ன வட்டம். அதனாலதான் மத்தியான வெயில்ல மூக்குக்குக் கீழ கத்தியால வெட்டின மாதிரி நிழல் விழுது, கண்ணு ரெண்டும் குழியாத் தெரியுது. அதே சூரியனை மேகம் மூடினா வானமே ஒரு விளக்காயிடும். நிழல் கரைஞ்சு போயிடும். ஸ்டுடியோவுல குடை மாட்டுறதும், பொட்டி மாட்டி வெள்ளைத் துணி கட்டுறதும் இந்த ஒரு காரியத்துக்குத்தான். சின்ன வெளிச்சத்தைப் பெருசாக்குறது. அதை உங்க வீட்டு ஜன்னல் ஏற்கனவே செஞ்சுக்கிட்டிருக்கு, சம்பளம் வாங்காம.

நாலடிக்கு மூணடி ஜன்னல்னு வைங்க. அதுலேர்ந்து மூணடி தள்ளி ஒருத்தரை உக்கார வெச்சா, முகத்துக்கு அது ஒரு பெரிய விளக்கு. ஜன்னலை நேராப் பார்க்க வைக்காதீங்க, முகம் தட்டையாப் போயிடும். கொஞ்சம் பக்கவாட்டுல திருப்புங்க. ஒரு பக்கம் வெளிச்சம், மூக்கைத் தாண்டி அந்தப் பக்கம் நிழல், நிழலுக்குள்ள கண்ணுக்குக் கீழ ஒரு முக்கோணம் மட்டும் வெளிச்சம். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் பேரைத்தான் இதுக்கு வெச்சிருக்காங்க. அவர் மின்சாரத்தைப் பார்த்ததே இல்லை :-)

இங்க ஒரு உள்ளூர் விஷயம். வெளிநாட்டுப் புத்தகம் எதைத் திறந்தாலும் "வடக்கு ஜன்னல்தான் உத்தமம், நேர் வெயில் வராது"ன்னு இருக்கும். அவங்க ஊருக்கு அது சரி. நமக்குப் பாதி வருஷம்தான் சரி. எங்க கோவில்பட்டிப் பக்கம் ஏப்ரல் பாதியிலேர்ந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கமாத்தான் சாய்ஞ்சு போவார். அந்த மாசங்கள்ல வடக்கு ஜன்னல்லயும் வெயில் எட்டிப் பார்க்கும். அதுக்குத்தான் வேட்டி. ஜன்னல் கம்பியில வேட்டியை ஒத்தையா விரிச்சுக் கிளிப்பு போட்டுட்டா, அடிக்கிற வெயில் துணியிலேயே நின்னு, துணி முழுக்க விளக்காயிடும். கரை போட்ட வேட்டின்னா கரையை ஓரத்துல ஒதுக்கிடுங்க, இல்லேன்னா முகத்துல அந்தக் கலர் அடிக்கும். நீலம் போட்டு வெளுத்த வேட்டியும் வேண்டாம்.

ஜன்னலை விட ஒருபடி மேல, திண்ணை. திண்ணை வீடு இன்னும் மிச்சம் இருக்குற தெருவுல இருந்தீங்கன்னா நீங்க கொடுத்து வெச்சவங்க. மேல கூரை இருக்குறதால தலைக்கு மேலேர்ந்து வர்ற வெளிச்சம் கட். தெருப் பக்கத்துலேர்ந்து மட்டும் வெளிச்சம் உள்ள வருது. எதிர்வீட்டுச் சுவர் வெள்ளையடிச்சு, அது மேல வெயில் விழுந்துச்சுன்னா, அந்தச் சுவரே உங்க விளக்கு. பச்சைச் சுவரா இருந்தா மட்டும் எடத்தை மாத்திக்கோங்க, ஆளு கல்லீரல் நோயாளி மாதிரி ஆயிடுவார்.

அடுத்தது தெர்மாகோல். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், முகத்தோட நிழல் பக்கமா, படத்துல தெரியாத அளவுக்குக் கிட்டத்துல ஒண்ணை நிறுத்துங்க. கையில புடிக்க வீட்டுல ஒரு பையன் இருந்தா போதும். ஜன்னல் வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி நிழலை லேசாத் தூக்கிவிடும். கிட்டக் கொண்டு போனா நிழல் இளகும், தள்ளிக் கொண்டு போனா இறுகும். அரையடி நகர்த்தினாலே முகம் மாறுறதைக் கண்ணால பார்க்கலாம். ரெண்டாவது விளக்கு வாங்குற காசு இதுல மிச்சம்.

இதெல்லாம் வக்கில்லாதவன் பண்ற வேலைன்னு நெனைக்குறவங்களுக்கு ஒரு கதை. சத்யஜித் ராய் எடுத்த "பதேர் பாஞ்சாலி" (1955) படத்துக்கு ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா. அதுக்கு முன்னாடி அவர் சினிமா கேமராவைக் கையாண்டதே கிடையாது. அடுத்த படம் "அபராஜிதோ" (1956). அதுல காசியில ஒரு வீடு வரும், நடுவுல முற்றம். அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள்ள செட்டாப் போட்டாங்க. முற்றத்து வீட்டுல வெளிச்சம் எப்படி வரும்? மேல வானத்துலேர்ந்து, நிழலே இல்லாம, மெத்துனு வரும். ஸ்டுடியோ விளக்கை நேரா அடிச்சா அது வருமா? மித்ரா என்ன பண்ணினார்னா, செட்டுக்கு மேல வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழேர்ந்து அந்தத் துணி மேல அடிச்சு, திரும்பி வர்ற வெளிச்சத்துல எடுத்தார். இன்னைக்கு உலகம் முழுக்க ஒளிப்பதிவு படிக்கிறவங்க இதைப் பத்திப் பேசுறாங்க. நம்ம வேட்டிக்கும் தெர்மாகோலுக்கும் தாத்தா அந்தத் துணிதான்.

இன்னொருத்தர் இர்விங் பென். அமெரிக்காவுல பெரிய ஃபேஷன் போட்டோகிராபர். 1948 டிசம்பர்ல பெரு நாட்டுல குஸ்கோங்கிற மலையூருக்குப் போனவர், அந்த ஊர்க்காரர் ஒருத்தரோட ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார். அது பகல் வெளிச்ச ஸ்டுடியோ. கல் தரை, பின்னாடி சாயம் பூசின துணி. கிறிஸ்துமஸ் சமயம். படம் எடுத்துக்க வந்த ஊர்ச் சனங்களை அந்த வெளிச்சத்துலயே எடுத்தார். அவரோட பேர் சொல்லும் படங்கள்ல அதுக்கு இன்னைக்கும் இடம் இருக்கு. அதுக்கப்புறம் 1960கள் கடைசியில ஒரு கூடாரத்தையே ஸ்டுடியோவாச் செஞ்சு, பகல் வெளிச்சத்தை மட்டும் நம்பி நாடு நாடாத் தூக்கிக்கிட்டுப் போனார். ஆசைப்பட்ட விளக்கை எல்லாம் வாங்க வசதி உள்ள மனுசன் அவர்.

இப்போ கறுப்புப் போர்வை. வெளிச்சம் போடுறதைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, வெளிச்சத்தை எடுக்குறதைப் பத்திப் பேச ஆளில்லை. நம்ம வீட்டு அறைகள் சின்னது, சுவர் வெள்ளை. ஜன்னல் வெளிச்சம் நாலு சுவத்துலயும் பட்டு எல்லாப் பக்கமும் திரும்பி வரும். முகம் மாவுருண்டையாயிடும். அப்போ தெர்மாகோலுக்குப் பதிலா அதே இடத்துல கறுப்புப் போர்வையைத் தொங்க விடுங்க. திரும்பி வர்ற வெளிச்சத்தை அது முழுங்கிடும். தாடை எலும்பு, கன்னச் சுருக்கம் எல்லாம் எழுந்து வரும். முகத்துல எதைக் காட்டணும், எதை மறைக்கணும்னு முடிவு பண்றது விளக்கை விட இந்தப் போர்வைதான்.

ராத்திரியில எடுக்கணும்னா ஃப்ளட் லைட். அதை நேரா முகத்துல அடிச்சா போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். கொடியில வேட்டியைத் தொங்கவிட்டு, அதுக்கு ரெண்டு மூணடி பின்னாடி விளக்கை வைங்க. வேட்டி முழுக்க வெளிச்சம் பரவணும், அதுதான் கணக்கு. இல்லேன்னா விளக்கை வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி, சுவத்துல பட்டு வர்றதுல எடுங்க. மூணு விஷயம் கவனம்.

ஒண்ணு, கலர். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யும் 3000 கெல்வின் மஞ்சள் பல்பும் ஒரே அறையில எரிஞ்சா, கன்னம் ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள். மென்பொருள்ல ரெண்டையும் ஒண்ணாச் சரி பண்றது கஷ்டம். ஒரே வகை வெளிச்சம் மட்டும் எரியட்டும். முதல்லயே டியூப் லைட்டை அணைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

ரெண்டு, துடிப்பு. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. செகண்டுக்கு 100 தடவை மின்னும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். படத்துல கோடு கோடா வரும். ஷட்டர் ஸ்பீடை 1/50 இல்லாட்டி 1/100ல வைங்க, போயிடும். செல்போன்லயும் ப்ரோ மோடு இருந்தா இதை மாத்தலாம்.

மூணு, தூரம். விளக்குலேர்ந்து தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் கால்வாசி ஆயிடும், மூணு மடங்கானா ஒன்பதுல ஒரு பங்கு. (வேட்டி மாதிரி அகலமான வெளிச்சத்துக்கு இது துல்லியமா வராது, ஆனா போக்கு இதுதான்.) இதுல ஒரு லாபம் இருக்கு. ஆளை வேட்டிக்கு மூணடியிலயும், பின்சுவர் வேட்டிக்கு ஒன்பதடியிலயும் இருக்குற மாதிரி உக்கார வெச்சா, சுவர் தானா இருட்டாயிடும். அழுக்குச் சுவர், காலண்டர், ஆணியில தொங்குற பை எல்லாம் முக்காவாசி மறைஞ்சிடும். அருவியும் தேவையில்லை, கோட்டு சூட்டும் தேவையில்லை.

அடுத்ததா நம்ம நிறம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நெனச்சது. பழைய ஸ்டுடியோக்கள்ல ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, ஒரு பவுடர் டப்பா கட்டாயம் இருக்கும், ஞாபகம் இருக்கா? பவுடர் அப்பிக்கிட்டுப் போய் உக்காருவோம். அந்தப் பவுடர் இப்போ கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு, அவ்வளவுதான். இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. கோடாக் கம்பெனி லேப்கள்ல கலர் சரிபார்க்கக் கொடுத்த "ஷெர்லி கார்டு"ல பல வருஷமா வெள்ளைக்காரப் பெண்கள் படம்தான். அந்தத் தோலுக்குச் சரியா வந்தா எல்லாருக்கும் சரின்னு அர்த்தம்!

வெளுத்த தோல்ல முகத்தோட வடிவத்தை நிழல் வரையும். கறுத்த தோல்ல அதை மினுமினுப்புதான் வரையும். கன்ன எலும்பு மேலயும், மூக்குத் தண்டு மேலயும், நெத்தி ஓரத்துலயும் ஓடுற அந்தப் பளபளப்பு. பெரிய ஜன்னலைப் பக்கவாட்டுல வெச்சா அந்த மினுமினுப்பு அகலமா, எண்ணெய் தேச்ச கருங்கல் சிலை மாதிரி வரும். பவுடர் போட்டா அதுவே சாம்பல் பூத்துடும். அப்புறம் கேமரா பேச்சைக் கேக்காதீங்க. அது எதைப் பார்த்தாலும் நடுத்தரமாக்கத்தான் பார்க்கும். பின்னாடி கறுப்புப் போர்வை இருந்தா முகத்தை வெளுக்க வெச்சிடும், வெள்ளைச் சுவர் இருந்தா முகத்தைக் கரியாக்கிடும். செல்போன்ல முகத்து மேல விரலை வெச்சு அழுத்திப் புடிச்சு, வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைச்சு, ஆளு நேர்ல எந்த நிறமோ அந்த நிறத்துக்குக் கொண்டு வந்து நிறுத்துங்க.

இதையெல்லாம் மொத்தமா எனக்குக் காட்டிக் கொடுத்தது எங்க தெருக்கோடி ஆச்சி. எண்பதைத் தாண்டிட்டாங்க. "ஆச்சி, ஒரு போட்டோ எடுப்போமா?"ன்னு கேட்டேன்.

"எதுக்குய்யா? மாலை போடவா?"

ஒளிவுமறைவே கிடையாது. நான் முழிச்சதைப் பார்த்து அவங்களே சிரிச்சாங்க. "கோயமுத்தூர்ல பேத்தி கேட்டா ஆச்சி"ன்னேன். அது உண்மைதான், கேட்டிருந்தா. பேத்தி பேரைச் சொன்னதும் எந்திரிச்சு உள்ள போய் முகம் கழுவி, திருநீறு பூசி, வேற சேலை கட்டிக்கிட்டு வந்து திண்ணையில உக்காந்தாங்க. உக்காந்ததும் முந்தானையை எடுத்து ரெண்டு காதையும் மூடிக்கிட்டாங்க.

வடிச்ச காது. ஒரு காலத்துல பாம்படம் தொங்கின காது. இப்போ வெறும் சதை தோள் வரைக்கும் தொங்குது. பாம்படம் மகன் படிப்புக்குப் போச்சாம். "காது தெரியாம எடுய்யா. மூளியா இருக்கு"ன்னாங்க.

முந்தானையை மூடிக்கிட்டு எடுத்தா தலைவலிக்காரி மாதிரி இருக்கும்னு சொன்னேன். சேலையை எறக்கச் சொல்லிட்டு, தெரு வெளிச்சம் வலது கன்னத்துல மட்டும் விழுற மாதிரி அவங்களைத் திருப்பினேன். இடது பக்கம் கறுப்புப் போர்வை. வலது காதுக்கு வர்ற வெளிச்சத்தைத் தெர்மாகோல் ஒண்ணை நிமித்தி வெச்சு மறைச்சேன். ஸ்டூல் மேல அரிசிப் பை, அது மேல கேமரா. ஆறடி தள்ளி நின்னுதான் எடுத்தேன், கிட்டப் போனா மூக்கு பெருசாயிடும். படத்துல நெத்தி, திருநீறு, கண்ணுக்குள்ள தெருவோட வெளிச்சம் ஒரு புள்ளி, கன்னத்துச் சுருக்கம் அத்தனையும் இருக்கு. காது ரெண்டும் இருட்டுல போயிடுச்சு.

செல்போன்ல பெருசாக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஆதார் அட்டைக்கு அப்புறம் அவங்களைத் தனியா ஒருத்தரும் எடுத்ததில்லை. "எங்க அம்மா மாதிரில்லா இருக்கேன்"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, காதோட ஒண்ணு எடு. இது அவளுக்கு. அது எனக்கு."

போர்வையை எடுத்துட்டு அந்த இடத்துல தெர்மாகோலை வெச்சேன். அவ்வளவுதான் மாத்தினது. ரெண்டு காதும் தெரிஞ்சுது. தோள்ல தொட்டுக்கிட்டு நிக்கிற அந்தச் சதையோட ஓரத்துல மெல்லிசா ஒரு வெளிச்சக் கோடு.

ரெண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். காது தெரியிறதை டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில வெச்சிருக்காங்க. எங்க இருக்குன்னு மருமகள்கிட்டச் சொல்லியும் வெச்சிட்டாங்க. எதுக்குன்னு வீட்டுல யாரும் கேக்கலை.

அதனால லைட் வாங்குறது அப்புறம் ஆகட்டும். இந்த ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு மேல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்களை ஜன்னல் ஓரமா உக்கார வெச்சுக் காப்பி கொடுங்க. குடிக்கட்டும். பேச்சுக் கொடுத்துக்கிட்டே எடுங்க. எடுத்ததைச் செல்போன்லயே விட்டுடாம ஒரு பிரிண்ட் போட்டு அவங்க கையில கொடுங்க. எது நல்லா இருக்குன்னு அவங்க சொல்லட்டும். அவங்க முகம், அவங்கதான் முடிவு பண்ணணும்.

பி.கு. 1: கண்ணாடி போட்டவங்களை எடுக்கும்போது ஜன்னல் அப்படியே கண்ணாடியில தெரியும். காதுக்கு மேல இருக்குற கம்பியைக் கொஞ்சம் தூக்கி வெச்சா கண்ணாடி கீழ சாயும், பிரதிபலிப்பு போயிடும். படத்துல தூக்கினது தெரியாது.

பி.கு. 2: எல்.இ.டி.க்குப் பதிலா பழைய 500 வாட்ஸ் ஹாலஜன் வெச்சிருந்தீங்கன்னா, வேட்டி, தெர்மாகோல் ரெண்டையும் அது பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. தீப்பிடிச்சிடும். சுவத்துல அடிச்சுத் திருப்புங்க, போதும்.

பி.கு. 3: அரிசிப் பையை வேலை முடிஞ்சதும் எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க. அனுபவத்துல சொல்றேன் :-)